கொக்கி வண்டியின் வால் பாரம்

பெர்னார்ட் கட்டிய கிரேன் மறுபடியும் கோழிக்கறிச் சட்டிக்குள் தலைகுப்புற விழுந்தபோது பெட்ரிசியா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் பேச்சு நீளப் போகிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என்றால் பெர்னார்ட் மட்டும்தான். மகள் ரேச்சல் வேலை கிடைத்துப் பினாங்குக்குப் போய்விட்டாள்.

"ஏங்க, இது கிரேனா, இல்ல கறி திருட வர்ற பூனையா?"

"பேலன்ஸ் கொஞ்சம் சரியில்ல, பெட். அட்ஜஸ் பண்ணிருவேன்."

"அன்னைக்கு ரசத்துல விழுந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. பின்னால ஒன்னுமே இல்லாம முன்னால மட்டும் அம்மாம் பெருசா நீட்டிக்கிட்டு இருந்தா, விழாம என்ன செய்யும்?"

பெர்னார்ட் கிரேனைத் தூக்கி, அதன் நீண்ட கையில் வழிந்த குழம்பைத் தன் பனியனில் துடைத்தான். மனைவி சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினான். முழுதும் வாங்கியிருந்தால் அவனுக்கு அந்த மாதத்தில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன். பகலெல்லாம் சிரம்பானில் ஒரு லேத் பட்டறையில் இரும்பு கடைவான். சாயங்காலம் பக்கத்தில் ராசா என்ற ஊரில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், பட்டறையில் பெரிதாகச் செய்ததையே நகத்தளவில் செய்ய உட்கார்ந்துவிடுவான். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் பெட்ரிசியாவின் தையல் மெஷின், மறுபக்கம் அவனுடைய பித்தளைத் தகடுகளும் பற்றவைக்கும் கோலும். சாப்பாட்டுக்கு நடுவில் கிடைத்த இடம். கட்டுவதும் கிரேன்களை மட்டும்தான். ரயில் எஞ்சின் மாடல் கட்டுகிறவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "எஞ்சின எல்லாரும் பாப்பாங்க. எஞ்சின் கவுந்தா வந்து தூக்குறவன யாரு பாக்குறா?" என்பது அவனுடைய கட்சி.

இந்தத் தடவை அவன் கட்டிக்கொண்டிருந்தது ஏதோ படத்தில் பார்த்த கிரேன் இல்லை. பகாவ் பக்கத்தில் சுங்கை லிப்பாட் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெர்னார்ட் பிறந்து வளர்ந்த தோட்டம். தோட்டத்து ஓரமாக ஓடும் ரயில் பாதையிலிருந்து ஒரு கிளைத் தண்டவாளம் பிரிந்து வந்து, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே திடீரென்று நின்றுவிடும். அந்தத் தண்டவாளத்தின் முடிவில்தான் நீராவியில் ஓடிய பழைய கிரேன் நிற்கிறது. தடம் புரண்ட வண்டிகளைத் தூக்கி நிறுத்த வந்தது, எந்தக் காலத்திலோ கொதிகலன் பழுதாகி, அங்கேயே விடப்பட்டது. தோட்டத்துச் சனங்கள் அதைக் கொக்கி வண்டி என்பார்கள். ஆயுத பூசைக்கு அதற்கும் ஒரு மாலை உண்டு.

அந்தக் கொக்கி வண்டிக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. அதன் நீண்ட கையைத் தாங்கி நின்ற கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. கை முன்னால் சரிய, பின் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டுக் கையகலம் மேலே எழும்பிவிட்டன. தள்ளினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். தோட்ட நிர்வாகத்தின் என்ஜினியர் லிம் ஒரு நாள் பெர்னார்ட் அங்கே இருந்தபோது அந்த வழியாக வந்தவர் பார்த்துவிட்டார்.

"பெர்னார்ட், இது பஹாயா லா, ஆபத்து. யாராச்சும் செத்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார், பாதி மலாயும் பாதி தமிழுமாக. "ஒரு மாசம். ஆடாம நிக்க வச்சா, இருக்கட்டும். இல்லன்னா பொத்தோங்." சொல்லிவிட்டு இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி அசைத்துக் காட்டினார்.

அன்றிலிருந்து பெர்னார்டுக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை, உறக்கம் இல்லை. அந்த வண்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். மாடலை நிற்க வைக்கத் தெரிந்தால் நிஜத்தையும் நிற்க வைக்கத் தெரியும் என்று கணக்குப் போட்டான். அங்குலம் அங்குலமாக அளந்து வந்து, அப்படியே இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினான். ஆணியைக்கூட விடவில்லை. கட்டி முடித்தால் அது அவன் கறிச்சட்டியில் போய் விழுகிறது.

கடைசியில் தன்மானத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கிரேன் கட்டுகிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து கூடிப் பேசும் இணையக் குழுவில் படம் போட்டுக் கேட்டான். எங்கோ பனி பெய்கிற ஊரிலிருந்து ஒரு மனிதர் உடனே பதில் எழுதினார். "கிரேனின் வாலில் நீங்கள் காலியாக விட்டிருக்கிறீர்களே, அது என்ன பெட்டி?"

"நிலக்கரிப் பெட்டி" என்று எழுதினான் பெர்னார்ட்.

"நிலக்கரியா? அது பாரப் பெட்டி. உள்ளே ஆறு வார்ப்பிரும்புப் பலகைகள் அடுக்கியிருக்க வேண்டும். சங்கிலி மாட்டித் தூக்குவதற்காக ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் அரைவட்டமாக வெட்டியிருக்கும். அந்தப் பாரம் இல்லாமல் எந்தக் கிரேனும் நிற்காது."

பெர்னார்ட் மறுநாளே பட்டறையில் ஆறு இரும்புத் துண்டுகளை வெட்டி எடுத்து வந்து வால் பெட்டிக்குள் செருகினான். மாடல் அசையாமல் நின்றது. கொக்கியில் ஓர் உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டான். அப்போதும் நின்றது. சந்தோஷத்தில் எண்ணெய்க் கையோடு பெட்ரிசியாவைக் கட்டிக்கொள்ள, அவள் தைத்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணியில் ஐந்து விரலும் பதிந்தன.

"பின்னால ஒன்னும் இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள் அவள், துணியைச் சோப்பில் ஊறவைத்தபடி.

"சொன்ன."

"யாரு கேட்டா?"

அவன் நழுவி மாடல் பக்கம் திரும்பினான். நிஜக் கொக்கி வண்டியின் ஆறு பலகைகள் எங்கே போயின என்பதுதான் இப்போது தெரியவில்லை. ஒவ்வொன்றும் நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனம். காக்காய் தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவாலயத்திலிருந்து நேராகத் தோட்டத்துக்குக் காரை விட்டான். பெட்ரிசியாவும் வந்தாள். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் புதரை விலக்கிப் பார்த்தான். வாய்க்காலில் கம்பு விட்டுக் குத்திப் பார்த்தான். கிடைத்தது ஒரு பழைய சைக்கிள் மட்கார்டும் ஒரு கோபக்கார உடும்பும்தான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தபோது, கொக்கி வண்டிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலிலிருந்து தனலெட்சுமி குரல் கொடுத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகாவ் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிப் போகிறவள் அவள். கோயில் பணத்துக்கும் சாவிக்கும் பொறுப்பும் அவள்தான்.

"பெர்னாடு! பெட்ரிசியாவையும் கூட்டிட்டு வா. அன்னதானம் போடுறோம். வெயில்ல நின்னு கருவாடா ஆவாத!"

ஆறு பொங்கினால் தோட்டத்துக்குள் தண்ணீர் வரும் என்பதால் அந்தக் கோயில் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியது. ஏறிப் போக முன்னால் படிகள். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள். பெர்னார்ட் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தான்.

"ஆவ்!"

துள்ளிக்கொண்டு அடுத்த படிக்குத் தாவினான். அதுவும் சுட்டது. சின்ன வயதில் பொங்கல் சோற்றுக்காக ஓடி வரும்போதெல்லாம் இப்படித்தான் துள்ளுவான். அந்தத் தோட்டத்தில் எல்லாரும் மத்தியான வேளையில் கோயிலுக்குத் துள்ளித்தான் ஏறுவார்கள். அம்மன் நம்மைச் சோதிக்கிறாள் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது படியில் ஒற்றைக் காலில் நின்றபடி பெர்னார்டுக்கு ஒரு யோசனை ஓடியது. சிமென்ட் படி இந்த மாதிரி சுடாதே.

குனிந்தான். படியின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. மறு ஓரத்திலும் ஒன்று. இரண்டிலும் கற்பூரக் கரி படிந்திருந்தது, விளக்கு வைக்க யாரோ வாகாகச் செய்து வைத்த குழி மாதிரி. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே கீழே இறங்கி எண்ணினான். ஆறு. மண்டியிட்டுக் கார் சாவியால் பெயின்டைச் சுரண்டினான். அடியில் கறுப்பு இரும்பு. சூட்டையும் மறந்து இரண்டு கையையும் படியின் மேல் வைத்து நெற்றியை அதில் முட்டிக்கொண்டான், ஆனந்தத்தில்.

"அடியாத்தே! பெர்னாடு அம்மன் படியத் தொட்டுக் கும்பிடுறான்!" என்று கத்திக்கொண்டு தனலெட்சுமி திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தாள். வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் அவன் நெற்றியில் மூன்று பட்டை ஏறிவிட்டது. பெட்ரிசியா கையில் செபமாலையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயில் தலைவர் வீரமுத்து, தனலெட்சுமியின் கணவன். வெள்ளிக்கிழமை பூசையும் அவன்தான் செய்வான். பெர்னார்டோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே பந்துக்கு அடித்துக்கொண்டவன். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவனை இழுத்து வந்து பெர்னார்ட் படியைக் காட்டினான்.

"வீரா, இது என்னன்னு தெரியுமா?"

"படி."

"இல்லடா, இது கொக்கி வண்டியோட வால் பாரம்!"

"தெரியும்லா" என்றான் வீரமுத்து, சாதாரணமாக. "யாருக்குத் தெரியாது? எங்கப்பாதான் டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்தாரு. கோயில ஒசத்திக் கட்டினாங்க, படி இல்ல. அங்க சும்மா கெடந்துச்சு, எடுத்துப் போட்டாங்க."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. நீ வந்து அளந்த, போட்டோ எடுத்த, போயிட்ட."

பெட்ரிசியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெர்னார்ட் சிரிக்கவில்லை. லிம் கொடுத்த மாதத்தில் இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. அந்தப் பலகைகள் திரும்பப் போனால் கொக்கி வண்டி பிழைக்கும் என்று சொன்னான். வீரமுத்துவின் முகம் அப்போதுதான் மாறியது.

"அம்மன் படியையா கேக்குற?"

"புதுசா சிமென்ட் படி நானே கட்டித் தர்றேன்டா."

"நீ தங்கத்துல கட்டினாலும் அது வேற. இத்தனை வருசம் சனங்க மிதிச்சு, மஞ்சத் தண்ணி ஊத்தி, கற்பூரம் கொளுத்தின படி. நான் எடுக்க விட மாட்டேன்."

பேச்சு சூடாவதைப் பார்த்து தனலெட்சுமி நடுவில் வந்தாள். "ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க? படி யாரோடது? அம்மனோடது. வெள்ளிக்கிழமை பூப் போட்டுக் கேப்போம். அவ சொல்லட்டும்."

அது அந்தக் கோயிலில் நெடுநாள் வழக்கம். கல்யாணமோ கிணறோ, மனிதர்களால் தீர்க்க முடியாததற்கெல்லாம் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது.

காரில் திரும்பும்போது பெர்னார்ட் கேட்டான், "நாம மாதா கோயில் ஆளுங்க. இது தப்பில்லியா, பெட்?"

"யாரு வீட்டுப் பொருளக் கேக்குறோமோ அவங்க வீட்டு வழக்கப்படிதான் கேக்கணும்" என்றாள் பெட்ரிசியா. "முதல்ல நெத்தியத் தொடைங்க. பெட்ரோல் ஸ்டேசன்ல ஃபாதர் நின்னாலும் நிப்பாரு."

வெள்ளிக்கிழமை பெர்னார்ட் மாடலையும் தூக்கிக்கொண்டு போனான். கோயில் மண்டபத்தில் தோட்டத்தில் மிச்சமிருக்கும் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. அவன் மாடலைத் தரையில் வைத்து, வால் பெட்டியிலிருந்த இரும்புத் துண்டுகளை உருவினான். கிரேன் மூக்கை முட்டிக்கொண்டு விழுந்தது. சனங்கள் 'ச்சொ ச்சொ' என்றார்கள், நிஜமாகவே யாருக்கோ அடிபட்ட மாதிரி.

"காங்கிரீட் போடேன்லா" என்று தூணில் சாய்ந்திருந்த வீரமுத்து சொன்னான்.

அதற்கும் பெர்னார்ட் தயாராக வந்திருந்தான். அதே அளவில் சிமென்டில் வார்த்த ஆறு துண்டுகளை எடுத்துச் செருகினான். கிரேன் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் விழுந்தது. "பெட்டி சின்னது. இரும்போட கனத்துல மூனுல ஒரு பங்குகூடச் சிமென்டு வராது. இப்பப் பாருங்க." இரும்புத் துண்டுகளைத் திரும்பப் போட்டான். கிரேன் எழுந்து நிமிர்ந்து நின்றது. யாரோ கை தட்டினார்கள். வீரமுத்து மட்டும் தட்டவில்லை. அவன் கர்ப்பகிரகத்துக்குள் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று பூ மடித்தான்.

தீபாராதனை ஆனது. தட்டில் இரண்டு வெற்றிலைப் பொட்டலங்கள் வந்தன. வீரமுத்து தட்டை நீட்டினான். "நீதானே கேக்குற. நீயே எடு."

பெர்னார்ட் உள்ளுக்குள் மாதாவையும் மாரியம்மாவையும் ஒருசேர வேண்டிக்கொண்டு, வலது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

சிவப்பு அரளி.

பெர்னார்ட் அந்தப் பூவைச் சிறிது நேரம் பார்த்தான். வாதாட அவனுக்கு ஆயிரம் இருந்தது, ஆனால் கேட்க வந்தவன் அவன்தான். "சரி" என்றான். "அம்மா வேணாம்னுட்டாங்க." குனிந்து மாடலை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தான். அவன் முதுகைப் பார்த்த பெட்ரிசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தனலெட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. படி கிடைக்காவிட்டால் போகட்டும், வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று தோன்றியது அவளுக்கு. "இந்தா பெட்ரிசியா, அம்மன் பூவு. இந்த வெள்ளையையாச்சும் தலையில வச்சிட்டுப் போ" என்று தட்டில் மீந்திருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அதிலும் சிவப்பு அரளி.

அவள் பூவைப் பார்த்தாள். பெர்னார்டின் கையில் இருந்த பூவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள்.

"என்னங்க இது?" என்றாள் தனலெட்சுமி. குரல் மெதுவாகத்தான் வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

பெர்னார்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன்டா! வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லேன்டா. உன் சாமிய ஏன்டா பொய் சொல்ல வைக்கிற?"

வீரமுத்து தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பயம்டா" என்றான். "பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு என்ன ஆச்சு? முதல்ல வேலிய எடுங்கன்னாங்க. அப்புறம் மண்டபம். அப்புறம் ஒரு நாளு சாமியவே லாரியில ஏத்திட்டாங்க. நம்ம கோயிலுக்கு இந்த மண்ணுல ஒரு பட்டாவா இருக்கு? இருக்கிறதுலயே கனமானது அந்தப் படிதான். யாரும் அசைக்க முடியாததுன்னு ஒன்னாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். அதை நாமளே பேத்துக் குடுத்துட்டா, மத்தத அவங்க பேக்க எவ்வளவு நேரமாகும்?"

பெர்னார்டின் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. தன் கொக்கி வண்டியை வெட்டிவிடுவார்களே என்று தான் பயந்த அதே பயத்தைத்தான் இவனும் பயந்திருக்கிறான் என்று தெரிந்ததும், அவனைத் திட்ட வாய் வரவில்லை.

தனலெட்சுமி புதிதாக வெற்றிலை எடுத்து வந்தாள். "நான் மடிக்கிறேன். மறுபடியும் கேப்போம்."

"வேணாம்க்கா" என்றான் பெர்னார்ட். "படி இருக்கட்டும். வீரா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு." மாடலை அணைத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மறுநாள் காலையில் அவன் மட்டும் மறுபடியும் தோட்டத்துக்குப் போனான். வெட்டுவதற்குள் கொக்கி வண்டியை எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று. மாடலாவது மிஞ்சட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பெரிய ஆறுதலாக இல்லை.

கோயில் முன்னால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி நின்றது. அதன் முதுகில் இருக்கும் இரும்புக் கை, வழக்கமாகப் பழக்குலைகளைக் கவ்வுகிற கை, சங்கிலியில் ஒரு காவி வெள்ளைப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. லாரியை ஓட்டியவன் யாரோ. "மெல்ல, மெல்ல! ப்லான் ப்லான்!" என்று கத்திக்கொண்டு கீழே நின்றவன் வீரமுத்து. நாலு படி ஏற்கெனவே பெயர்ந்து, தண்டவாளத்தின் ஓரமாக விரித்த வாழையிலை மேல் அடுக்கப்பட்டிருந்தன.

பெர்னார்ட் காரை நடுப் பாதையிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தான். "வீரா, என்னடா இது? மறுபடியும் பூப் போட்டியா?"

"பூவெல்லாம் இல்ல. ராத்திரி பூராவும் அம்மன்கிட்ட நானே நேரா கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒன்னும் சொல்லல. தூங்கவும் விடல." வீரமுத்துவின் கண் சிவந்திருந்தது. "உன் வண்டிய வெட்ட வர்றாங்கன்னா, நாளைக்கி என் கோயில வெட்ட வர மாட்டாங்களா? படி கனமா இருக்கிறதால ஒன்னும் ஆவப் போறதில்ல. ஆளு வேணும். இப்ப நான் உன் வண்டிக்கு நிக்கிறேன். அவங்க கோயிலுக்கு வந்தா நீ வந்து நிக்கணும். உன் பொம்மையத் தூக்கிட்டு ராசாவுலேர்ந்து வரணும். வருவியா?"

"வருவேன்டா" என்றான் பெர்னார்ட்.

"அப்ப நிக்காத, வந்து சங்கிலியப் புடி. இந்த அரைவட்டம் எதுக்குன்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

முதல் பலகை வால் பெட்டிக்குள் இறங்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது இறங்கியபோதும் இல்லை. பெர்னார்டுக்கு வியர்த்துக் கொட்டியது. கணக்குத் தப்பாக இருந்தால் அம்மன் படியையும் பெயர்த்து, வண்டியையும் தொலைத்த பாவம் அவன் தலையில்தான். நாலாவதற்குக் கிரேனின் இடுப்பிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஐந்தாவதற்கு நீண்ட கை மெல்ல மெல்ல மேலே ஏறியது, கரையான் தின்ற கட்டைகளை விட்டு விலகி. ஆறாவது பலகை இடத்தில் உட்கார்ந்ததும், பின் சக்கரங்கள் இரண்டும் 'டங்' என்று தண்டவாளத்தில் இறங்கின. அந்தச் சத்தம் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். சனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். தனலெட்சுமி வேன் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். பெர்னார்ட் வெட்கத்தை விட்டு அழுதான்.

திங்கட்கிழமை லிம் வந்தார். பெர்னார்ட் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்ரிசியாவோடு வந்திருந்தான். லிம் ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். இரண்டு கையால் தள்ளினார். பிறகு முதுகைக் கொடுத்து முட்டினார். கொக்கி வண்டி அவரை மதிக்கவே இல்லை. சட்டையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி லா. பொத்தோங் இல்ல. இருக்கட்டும்" என்றார். போகும்போது அதன் முன்னால் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

வண்டி தப்பியதற்கு அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தே ஆக வேண்டும் என்று தனலெட்சுமி சொல்லிவிட்டாள். எல்லாரும் கோயிலுக்கு நடந்தார்கள். அங்கே போன பிறகுதான் புதுப் படி கட்ட இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. இடுப்பு உயரத்துக்கு வெறும் சுவர். இளசுகள் தாவி ஏறிக்கொண்டார்கள். பெண்களுக்கு வேனிலிருந்து ஒரு முக்காலி வந்தது, ஏறின மூன்றாவது ஆளோடு அதன் காலும் போயிற்று. பெர்னார்ட் கீழே நின்றான். முட்டி வலி உள்ளவன். போதாக்குறைக்கு, அந்தப் படிகள் இல்லாமல் போனது தன்னால்தான் என்ற கூச்சம் வேறு.

மேலே வீரமுத்து மண்டபத்து விளிம்பில் குத்தவைத்துக் கையை நீட்டினான். "என்னடா பாக்குற? ஏறு."

"நீங்க கும்பிடுங்கடா. நான் இங்கியே நிக்கிறேன். படி இல்லியே."

"படி இல்லன்னா என்னடா? நாங்க இல்ல?"

பெர்னார்ட் அந்தக் கையைப் பிடித்தான். வீரமுத்து ஒரு பக்கம் இழுக்க, தனலெட்சுமி மறு பக்கம் இழுக்க, பெட்ரிசியா கீழிருந்து முதுகைப் பிடித்துத் தள்ளினாள்.

"கனமாத்தான்டா இருக்க" என்று வீரமுத்து மூச்சு வாங்கினான். ஆனால் கையை விடவில்லை.